மேகம் வராத புதன்கிழமை

தஞ்சாவூரில் கைக்குழந்தைகளை "வாங்க, போங்க" என்றும் அவற்றைப் பெற்றவர்களை "ஏய், தள்ளு" என்றும் கூப்பிட்டு, அதற்குப் பிறகும் உதைபடாமல் தொழில் நடத்துகிற ஒரே மனிதர் மேகம்தான். உதைபடாமல் என்று நான் சொல்வதும் எனக்குத் தெரிந்த வரைக்கும்தான்.

மேகம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. சின்னப் பிள்ளைகளைத் திறந்தவெளியில் உட்கார வைத்துப் படம் பிடிப்பது ஒன்றுதான் அவர் தொழில். கல்யாணத்துக்கு வர மாட்டார், கட்சிக் கூட்டத்துக்கு வர மாட்டார், ஃப்ளாஷ் என்று யாராவது சொன்னால் கெட்ட வார்த்தை கேட்டவர் போலக் காதைப் பொத்திக்கொள்வார். வெயில் உறைத்தால் கேமரா பையை விட்டு வெளியே வராது. சூரியனை ஒரு மேகம் மறைக்க வேண்டும், வெளிச்சம் பாலாக இறங்க வேண்டும். அதுவரை யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். காபி சாப்பிடுகிறீர்களா? மேகம் வரட்டும். ஐம்பதைத் தாண்டியாயிற்றே, எப்போது கல்யாணம்? மேகம் வரட்டும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து கீழவாசலில் ஒரு பசுவின் மேல் மோதியவர், பசுவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பசுவின் சொந்தக்காரரைத் திட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் இயல்பிலேயே பயந்தவன். பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப்பட்டவன் மேகத்தை முதன்முதலில் பார்த்தது ஒரு குழந்தை காணாமல் போன சமயத்தில்.

என்னோடு வேலை பார்க்கும் பஷீர் தன் பெண்ணின் முதல் பிறந்தநாளை ஏ.சி. மண்டபத்தில் வைத்திருந்தார். பலூன் வளைவு, சீரியல் லைட், மூன்றடுக்கு கேக், குழந்தையைப் படம் பிடிக்க ஒரு ஆள். சாயங்காலம் கேக் வெட்டக் கத்தியை எடுத்தால் குழந்தையைக் காணோம். பஷீரின் மனைவி போட்ட சத்தத்தில் ஒரு பலூன் வெடித்தது. பஷீர் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்தார். நான் மூளையை உபயோகித்து ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு தேடியதில், புது ஆற்றுப் பக்கம் ஒரு புல்வெளியில் குழந்தை அகப்பட்டது. மொடமொடவென்றிருந்த வலைத்துணி கவுனைக் காணோம். ஒரு பழைய பருத்தி கவுன் மாட்டியிருந்தது. அதற்கு எதிரே தடித்த உருவம் ஒன்று வயிற்றை மண்ணில் வைத்துக் குப்புறக் கிடந்தது. நான் கான்ஸ்டபிளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"யோவ், எம் பொண்ண எங்கய்யா தூக்கிட்டு வந்தே?" என்று பஷீர் பாய்ந்தார்.

குப்புறக் கிடந்த உருவம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தம் போடாதே. அவங்க எறும்பு பாத்துக்கிட்டு இருக்காங்க."

"யாரக் கேட்டுத் தூக்கிட்டு வந்தே?"

"அவங்களத்தான் கேட்டேன். வர்றேன்னு கையத் தூக்கினாங்க. அந்த மண்டபத்துல பிடிச்சிருந்தா அவங்க மூஞ்சி ஃப்ரிட்ஜுக்குள்ள வச்ச தக்காளி மாதிரி இருந்திருக்கும்." பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்து, "ஏய், ஒன் நிழல் அவங்க மேல விழுது. ரெண்டடி தள்ளு" என்றார்.

கான்ஸ்டபிள் தள்ளி நின்றார். அன்றைக்கு எனக்குக் குழந்தை காணாமல் போனதைவிடப் பெரிய அதிர்ச்சி அதுதான். மறுவாரம் மேகத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வருகிறேன் என்று அவருடைய போட்டோக் கடைக்குக் கிளம்பிப் போன பஷீர், படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பிரியாணிக்கு அழைத்துவிட்டு வந்தார். எறும்பைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கும் அந்தப் பெண்ணின் படம் இப்போது அவர் வீட்டு வரவேற்பறையில் சுவர் அகலத்துக்குத் தொங்குகிறது.

அதற்குப் பிறகு நானே அந்தக் கடைப் பக்கம் அடிக்கடி போக ஆரம்பித்தேன். பேய்ப்படம் பார்க்கப் பயப்படுகிறவன்தானே முதல் வரிசையில் டிக்கெட் வாங்குகிறான்.

மேகம் போட்ட சட்டங்கள் பயங்கரமானவை. படம் பிடிக்கும் இடத்தில் அம்மாவும் அப்பாவும் நிற்கக் கூடாது. "இங்க பாரு, சிரி சிரி"னு நாலு பேர் கத்தினால் பெரியவர்களுக்கே அழுகை வரும் என்பார். ஒருமுறை ஒரு தம்பதி, வாடகைக்கு எடுத்த கிருஷ்ணர் வேஷத்தில் பையனைக் கொண்டுவந்தார்கள். ஜரிகை குத்திக் குத்திப் பையன் நெளிந்துகொண்டிருந்தான். மேகம் மண்டியிட்டு, "என்ன பண்ணுது உங்களுக்கு? இத அவுத்துட்டு உங்க சட்டையவே போட்டுக்கிறீங்களா?" என்று விசாரித்தார். பிறகு எழுந்து கிரீடத்தைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்து, "ஒனக்குத்தானே ஆசை? நீ போட்டுக்க" என்றார். அந்த அப்பா கிரீடத்தோடு நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். கழற்றலாமா என்று கேட்க அவருக்குப் பயம்.

இன்னொரு அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, பாப்பாவைக் கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டாள். மேகம் எழுந்து போய்ப் பாதி ஷட்டரை இறக்கினார். "நான் போட்டோதான் பிடிக்கிறேன், வெள்ளையடிக்கிற வேலை பாக்கல. பிள்ளைய மாத்திக் குடுக்கிற கடை எங்கயாவது இருந்தா அங்க போ." அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இடுப்பிலிருந்த பாப்பாவிடம் அவர் தணிந்த குரலில், "நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க. யார் என்ன சொன்னாலும் காதுல வாங்கிக்காதீங்க" என்றார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

இப்பேர்ப்பட்டவரை என் தங்கையின் புகுந்த வீட்டுக்கு நான் அழைத்துப்போக நேர்ந்தது.

தங்கை கவிதா திருவிடைமருதூர் பக்கத்து கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை செந்தில் கத்தாரில் வேலை. அவள் மாமனார், அதாவது எங்கள் சம்பந்தி, ஊரில் பெரிய மனிதர். கோயில் திருவிழா அவர் கையசைத்தால்தான் தொடங்கும். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் அவர் தெருவில் வந்தால் டீக்கடை பெஞ்சு காலியாகும். அவர் எதிரே நான் உட்கார்ந்ததே கிடையாது.

அவருக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கவிதாவின் பிரசவத்துக்குச் செந்திலுக்கு லீவு கிடைக்கவில்லை. "பிள்ளை பொறக்கிறப்ப வராதவன் இனிமே எப்ப வந்தா எனக்கென்ன" என்று இவர் ஒரு வார்த்தை விட்டார். "நான் என்ன ஊர் சுத்தவா வந்திருக்கேன்" என்று அவன் ஒரு வார்த்தை விட்டான். பிறகு கவிதாவின் போனில் வீடியோ கால் வரும்போதெல்லாம் சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். பேத்தி யாழினிக்குப் பதினோரு மாதம் ஆகியும் இதுதான் நிலைமை.

குலதெய்வம் கோயில் வேதாரண்யம் பக்கம். அங்கே யாழினிக்கு முதல் மொட்டை போட வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் என் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை. செந்தில் எனக்குப் போன் செய்தான்.

"மச்சான், முடி எறக்கிறதுக்கு முன்னாடி அவள முடியோட நல்லதா ஒரு படம் எடுத்து அனுப்புங்க. வீடியோ கால்ல பாதி நேரம் நெத்திதான் தெரியுது. அந்த முடிய நான் தொட்டுக்கூடப் பாக்கல. படமாவது கட்டிலுக்கு மேல ஒட்டி வச்சிக்கிறேன்."

அவன் குரல் போன போக்கில் என் புத்தியும் போய்விட்டது. மேகத்தைக் கூட்டிக்கொண்டு புதன்கிழமை விடியற்காலையிலேயே போய் இறங்கினேன். பங்குனி மாதம். வானத்தில் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு பொட்டு மேகம் கிடையாது.

ஆனாலும் இளவெயில் நன்றாகத்தான் இருந்தது. மேகமே, "பரவால்ல, பாலாட்டம்தான் எறங்குது" என்று ஒத்துக்கொண்டார். யாழினி எழுந்து, குளித்து, பால் குடித்து முடிக்கும்போது மணி ஏழரை. கேமராவைப் பையிலிருந்து எடுக்கப் போனார். சம்பந்தி காலண்டரைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"எமகண்டம். ஒம்பதுக்கு மேல எடுக்கலாம்."

"பெரியவரே, ஒம்பதுக்கு மேல வெயில் ஏறிடும். இந்த வெளிச்சம் போனா வராது" என்றார் மேகம்.

சம்பந்தியைப் பெரியவரே என்று ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சம்பந்தி மறுபடியும் காலண்டர் பக்கம் விரலைக் காட்டினார். அவர் வீட்டில் எமகண்டத்தோடு யாரும் வாதாடியதும் கிடையாது. ஒன்பதுக்கு யாழினி தூங்கிப்போனாள். தூங்கும் பிள்ளையை எழுப்பினால் தன்னை எழுப்பியது மாதிரி கத்துவார் மேகம். அவள் கண் விழித்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. பன்னிரண்டுக்கு ராகு காலம். அது முடிந்த கையோடு வேன் வேதாரண்யத்துக்குப் புறப்படும்.

உச்சி வெயில். மேகம் கோபத்தில் மூச்சு விட்டார்.

"இப்ப எப்படிப் பிடிக்கிறது? மேலேர்ந்து நேரா அடிக்குது. மூக்குக்குக் கீழ கறுப்பா நிழல் விழும். இவங்களுக்கு எதுக்கு மீசை?"

மரத்தடியில் வைத்து எடுக்கலாமே என்றேன்.

"எல சந்துல வெயில் பொத்தல் பொத்தலா விழும். அம்மை போட்டாப்ல இருக்கும்."

சுவரோரம் நிழலில் எடுக்கலாமே என்றாள் கவிதா. கத்தார் பணத்தில் சம்பந்தி வீட்டுச் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தார்கள்.

"அந்தப் பச்சை இவங்க கன்னத்துல ஏறும். காமாலைனு ஒன் வீட்டுக்காரன் அங்க பதறுவான். நீ போ, வைக்கப்போருக்கு அந்தாண்ட போ. மாமியாரையும் கூட்டிக்கிட்டுப் போ."

பெண்கள் வைக்கோல்போருக்குப் பின்னால் போய்விட்டார்கள். சம்பந்தி மட்டும் நகரவில்லை. அவரை நகரச் சொல்ல மேகத்துக்கே தோன்றவில்லை போலிருக்கிறது. களத்தோரம் புல்லில் யாழினி உட்கார்ந்தாள். அடுத்த வயலில் நாலைந்து பெண்கள் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மேகம் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது.

"மேகம் இல்லேன்னா நாமதான் ஒண்ணு கட்டணும்" என்றார் அவர். "வெள்ளைத் துணி வேணும். இவங்க தலைக்கு மேல பிடிச்சா வெயில் வடிஞ்சு எறங்கும்."

நான் வீட்டுக்குள் ஓடினேன். போர்வையெல்லாம் பூப் போட்டவை. கோயிலுக்குக் கொண்டுபோகும் வேட்டிகள் பெட்டிக்குள்ளும், பெட்டி வேனுக்குள்ளும், வேன் டீசல் போடத் திருவிடைமருதூருக்குள்ளும் இருந்தன. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். மேகத்தின் பார்வை என் பேன்ட்டில் பட்டு, வேண்டாம் என்று விலகி, மெல்ல நகர்ந்து சம்பந்தியின் இடுப்பில் போய் நின்றது. கஞ்சி போட்ட எட்டு முழம். சலவைக்குப் போய் வந்த தூய வெள்ளை.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"பெரியவரே, வேட்டிய அவுரு."

உளுந்து பிடுங்கிய பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒரு காக்கை கத்துவதாக இருந்து நிறுத்திக்கொண்டது மாதிரி இருந்தது. சம்பந்தியின் முகம் சிவந்து கறுத்தது.

"யாரப் பாத்து என்ன பேசுறே? தம்பி, இந்தாளக் கூட்டிக்கிட்டு மொதல்ல கெளம்புங்க."

"போறேன்" என்றார் மேகம். பையின் ஜிப்பை இழுத்தார். "இவங்கப்பன் மொட்டை போட்டோவப் பாத்துக்கட்டும். முடி எப்படி இருந்துச்சுன்னு யாராவது வாயால சொல்லட்டும்." பிறகு யாழினியிடம் குனிந்து, "மன்னிச்சிக்குங்க. என்னால முடியல" என்றார்.

யாழினி தலையைத் திருப்பிப் புல்லைப் பிடுங்கினாள். உச்சியில் முடி இரண்டு சுழியாகச் சுற்றி நின்றது. சம்பந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உளுந்து வயல் பெண்கள் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

"அவனுக்கும் ரெட்டைச் சுழிதான்" என்றார் சம்பந்தி.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மகனைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டது அப்போதுதான். பிறகு என் தோளைத் தொட்டார்.

"தம்பி, அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். துணி உதறும் சத்தம் கேட்டது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பச் சொன்னபோது, பெரும்பண்ணைக்காரரும் திருவிழாத் தலைவருமான எங்கள் சம்பந்தி, நீலக் கோடு போட்ட பட்டாபட்டி டிராயரோடு பட்டப்பகலில் களத்துமேட்டில் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கண்ணை மூடுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. வேட்டியின் இரண்டு முனைகளை அவர் பிடித்தார், இரண்டு முனைகளை நான் பிடித்தேன். கைகளை மேலே தூக்கினோம். கண் கூசிய வெயில் அடங்கி, வேட்டிக்குக் கீழே இளம் வெளிச்சம் பரவியது.

"இன்னும் ஒசத்து. பெரியவரே, நீ இவங்களுக்கு எதிர்ல வா. தம்பி, நீ ஆடாதே. மரம் மாதிரி நில்லு."

நான் ஆடவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தேன். யாழினி தலையை நிமிர்த்தினாள். தன் தாத்தாவை அந்தக் கோலத்தில் அவள் கண்டதே இல்லை. கோடு கோடாக இருந்த டிராயரை மேலும் கீழும் பார்த்தாள். இருக்கிற நாலு பல்லும் தெரியச் சிரித்தாள். உடம்பு குலுங்கக் குலுங்க, பின்னால் சாய்ந்து சிரித்தாள். உளுந்து வயலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்களும் அதற்கு மேல் தாங்காமல் சிரித்துவிட்டார்கள். சம்பந்தியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். மீசைக்குக் கீழே உதடு துடித்தது. கை மட்டும் இறங்கவில்லை.

மேகம் மண்ணில் குப்புறக் கிடந்து கிளிக் கிளிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தார். எழுந்ததும் சம்பந்தியின் முன்னால் போய் நின்று, "போதும். கட்டிக்குங்க" என்றார். கட்டிக்குங்க. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு அவர் ங்க போட்டதை நான் கேட்டது அன்றுதான். ராகு காலம் பிறந்தபோது வேட்டி இடுப்பில் இருந்தது.

மறுநாள் என் மடியில் மொட்டை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெரிதாகப் போட்ட படத்தோடு கிராமத்துக்குப் போனேன். கிளம்பும்போதே போனில் செந்திலுக்கும் அனுப்பிவிட்டிருந்தேன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சம்பந்தியின் போன் அடித்தது. கவிதாவின் போன் இல்லை, அவர் போன். பெயரைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. இடது கையால் எடுத்தார். அவர் போனில் ஸ்பீக்கர் எப்போதும் போட்டபடிதான் இருக்கும்.

"அப்பா" என்றான் செந்தில். "வேட்டியத் திருப்பிக் கட்டிக்கிட்டீங்களா?"

சம்பந்தி என்னைப் பார்த்த பார்வையில் என் தொண்டையில் அப்பளம் சிக்கிக்கொண்டது. நான் சொல்லவே இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

"ஒனக்கு எவன்டா சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. எம் பொண்ணு கண்ணுல தெரியுது."

கவிதா ஓடிப்போய்ப் படத்தை எடுத்து வந்தாள். யாழினியின் கறுவிழியை உற்றுப் பார்த்தோம். ஈரமாகப் பளபளக்கும் அந்தக் கறுப்புக்குள் கடுகளவுக்கு வெள்ளையாக ஒரு சதுரம். அதற்குக் கீழே இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி ஒரு ஆள். கோடு போட்ட டிராயர். என்னைக் காணவே காணோம்.

"கட்டிட்டேன்டா" என்றார் சம்பந்தி. "நீ எப்ப வர்றே?"

"நீங்க கூப்பிடலையேப்பா."

"இப்பக் கூப்பிடுறேன்ல."

அதற்கு மேல் அங்கே உட்காரக் கூடாது என்று எனக்கே தெரிந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் கையை ரொம்ப நேரம் கழுவினேன்.

மறுநாள் கடைக்குப் போய் மேகத்திடம் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை. "அவர எதிர்ல வந்து நிக்கச் சொன்னது பின்ன எதுக்கு? அந்த டிராயர்க் கோட்ட அழிச்சுக் குடுனு கேக்க வந்தியோனு பயந்துட்டேன்" என்றார். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டே, "அய்யா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. என்னை இன்றைக்கும் "ஏய், தள்ளு"தான்.

போகட்டும். அந்தக் கடைக்குப் போகும் நாட்களில் மட்டும் நான் இப்போதெல்லாம் பேன்ட் போடுவதில்லை. சலவை செய்த வெள்ளை வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போகிறேன். எந்தப் பிள்ளைக்கு எப்போது தேவைப்படுமோ, யார் கண்டது.